அந்த மெழுகுவத்திக்கு எப்படித் தெரிந்தது?

1993-இல் டிஸ்னி வெளியிட்ட 'ஹோகஸ் போகஸ்' படத்தில் ஒரு மெழுகுவத்தி வரும். தூக்கில் தொங்கியவனின் கொழுப்பை உருக்கிச் செய்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சேலம் ஊரில், பாழடைந்து கிடக்கும் சூனியக்காரி வீட்டில், முந்நூறு ஆண்டுகளாக யாரும் ஏற்றாமல் நிற்கிறது. முழுநிலா எழும் ஹாலோவீன் இரவில் (அக்டோபர் 31 அன்று வேடம் போட்டுக் கொண்டாடும் பண்டிகை), உடலுறவே கொண்டிராத ஒருவர் அதை ஏற்றினால் செத்த சூனியக்காரிகள் எழுந்து வந்துவிடுவார்கள் என்று ஊரில் ஒரு கதை. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து புதிதாகக் குடிவந்த மாக்ஸ் என்ற பையன், மனசுக்குப் பிடித்த பெண்ணுக்கு முன்னால் கெத்துக் காட்டுவதற்காக லைட்டரை எடுத்து ஏற்றிவிடுகிறான். சுடர் கறுப்பாக எரிகிறது. கொஞ்ச நேரத்தில் வினிஃப்ரெட், மேரி, சேரா என்ற மூன்று சகோதரிகளும், நேற்றுத்தான் வெளியே போய் வந்தவர்கள்போல, தங்கள் வீட்டுக்குள் நுழைகிறார்கள்.

சின்ன வயதில் பார்த்தபோது இந்த இடத்தில் எனக்குப் பயம் மட்டும்தான். வளர்ந்த பிறகு அக்கா மகளோடு உட்கார்ந்து பார்த்தபோதுதான் வேறொன்று உறுத்தியது. அந்த மெழுகுவத்திக்கு எப்படித் தெரிந்தது? மாக்ஸ் யாரோடும் படுத்ததில்லை என்பது அவன் நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கிறது?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், பாலினம், உடல், மந்திரம் என்ற மூன்றும் ஒரு கதைக்குள் எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்று விளக்கிவிடலாம். 'ஒரு படத்தைப் பாலின நோக்கில் பார்ப்பது' என்றாலே இரண்டு விதமான பேச்சுதான் காதில் விழுகிறது. குழந்தைகள் பார்க்கிற படத்தில் போய் இதையெல்லாம் தேடுவானேன் என்பது ஒன்று. இந்தப் படம் பெண்களுக்கு எதிரானது என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதிவிட்டு எழுந்து போவது இன்னொன்று. படம் எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு தரப்பும் பார்ப்பதில்லை. எனக்கு இந்தப் படம் உயிர். அதனால்தான் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க ஆசை.

முதலில் இரண்டு சொற்கள்

ஆண்பால், பெண்பால் என்று பள்ளியில் இலக்கணம் படித்திருப்போம். அந்தப் 'பால்' என்ற சொல்லைத்தான் உடற்கூற்று வேறுபாட்டுக்கும் வைத்துக்கொண்டிருக்கிறோம். குழந்தை பிறந்ததும் நர்ஸ் பார்த்துவிட்டு வெளியே வந்து சொல்கிறாரே, அது பால். அந்த நிமிஷத்துக்கு அப்புறம் ஆரம்பிப்பது பாலினம். "பொட்டப்புள்ள மாதிரி அழாதடா." "காலை அகட்டி உட்காராதே." "வயசுக்கு வந்த பொண்ணுக்கு இந்த நேரத்துல மாடியில என்ன வேலை?" இதில் எதுவும் உடம்பில் எழுதியில்லை. உடம்பைப் பார்த்துவிட்டு ஊர் எழுதிக்கொண்ட விதிகள் இவை. ஓர் உடலிடம் ஊர் எதிர்பார்க்கும் நடை, உடை, வேலை, ஆசை, அடக்கம் எல்லாம் சேர்ந்த மூட்டைக்குப் பெயர்தான் பாலினம்.

இந்த மூட்டை நம் சொற்களுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. மந்திரவாதி என்று சொல்லிப் பாருங்கள். ஆண் விகுதியும் இல்லை, பெண் விகுதியும் இல்லை. ஆனாலும் கண்முன் வருவது தாடி வைத்த ஓர் ஆள். அவனிடம் ஒரு வித்தை இருக்கிறது, குரு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்ற எண்ணமும் கூடவே வருகிறது. சூனியக்காரி என்று சொல்லுங்கள். கூன் விழுந்த முதுகு, வளைந்த மூக்கு, பல் இல்லாத வாய். சிறுவர் கதைகளில் 'சூனியக்காரக் கிழவி' என்பது ஏறக்குறைய ஒற்றைச் சொல்லாகவே ஆகிவிட்டது. இருவரும் செய்வது ஒரே வேலை. அவனுடைய சக்தியைப் படிப்பு என்கிறோம். அவளுடையதைக் கெட்ட எண்ணம் என்கிறோம். சூனியக்காரி என்று சொல்லும்போது நாம் தொழிலை மட்டுமா சொல்கிறோம், ஒருவகை உடலையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

இதுவரைக்கும்: பால் என்பது உடற்கூறு. பாலினம் என்பது அதன்மேல் ஊர் ஏற்றும் விதிகள். சூனியக்காரி என்ற உருவத்தில் இந்த விதிகள் பெரிய எழுத்தில் எழுதியிருக்கின்றன.

உடம்பு சாட்சி சொல்லுமா?

மெழுகுவத்திக்குத் திரும்புவோம். தமிழில் கன்னி என்றால் பெண்தான். பையனைப் போய் யாரும் கன்னி என்பதில்லை. அவனுக்குப் பிரம்மச்சாரி என்றொரு சொல் இருக்கிறது. அதில் கட்டுப்பாடு, மன உறுதி என்று ஒரு மரியாதை ஒட்டிக்கொண்டிருக்கும். ஆங்கிலத்தில் இருவருக்கும் 'விர்ஜின்' என்ற ஒரே சொல். சொல் ஒன்றானாலும் விலை ஒன்றில்லை. பெண்ணிடம் அது கட்டிக் காக்கவேண்டிய பொக்கிஷம். அமெரிக்கப் பள்ளிக்கூடத்துப் பையனிடம் அது தலைகுனிவு. படம் முழுக்க மாக்ஸை இதைச் சொல்லியே சீண்டுகிறார்கள். போலீஸ் உடையில் இருக்கும் ஒருவரிடம் ஓடிப்போய், நான்தான் மெழுகுவத்தியை ஏற்றிவிட்டேன் என்று அவன் கெஞ்சினால், அவர் ஊருக்கு வரும் ஆபத்தைப் பற்றிக் கேட்காமல் அப்படியானால் நீ இன்னும் அப்படித்தானா என்று கேட்டுச் சிரிக்கிறார். கடைசியில் பார்த்தால் அவர் போலீஸே இல்லை, ஹாலோவீன் வேடம். ஒரே உடல்நிலைக்குப் பெண்ணிடம் ஒரு விலை, ஆணிடம் இன்னொரு விலை. பாலினம் வேலை செய்வதை இவ்வளவு பச்சையாகக் காட்டும் இடம் குழந்தைகள் படங்களில் அபூர்வம்.

சரி, மெழுகுவத்திக்கு எப்படித் தெரிந்தது? நிஜத்தில் தெரியவே முடியாது. உடலுறவு கொண்டாரா இல்லையா என்பதற்கு உடம்பில் நம்பத்தக்க அடையாளம் எதுவும் இல்லை. பெண்களுக்குச் செய்யப்படும் கன்னித்தன்மைச் சோதனைக்கு மருத்துவ அடிப்படையே கிடையாது, அதை ஒழிக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஐ.நா. அமைப்புகளோடு சேர்ந்து 2018-இல் அறிவித்தது. ஆனால் கதைக்குள் மந்திரம் இருக்கிறது. ஊர் எதை நம்புகிறதோ அதைச் சட்டமாக மாற்றுவதுதான் மந்திரத்தின் வேலை. 'கன்னித்தன்மை என்பது உண்மையான ஒரு பொருள், அது உடம்பில் இருக்கிறது, அதற்குச் சக்தி உண்டு' என்ற ஊர் நம்பிக்கையை மெழுகுவத்தி எரிந்து காட்டி மெய்ப்பித்துவிடுகிறது. அதனால், மந்திரம் வருகிற கதையில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி: இங்கே எந்த நம்பிக்கை சட்டமாகியிருக்கிறது?

உடம்பில் அடையாளம் தேடுகிற இந்தப் பழக்கம் கற்பனைக் கதையோடு நின்றதா என்றால், இல்லை. படம் நடக்கும் அதே சேலத்தில், 1692 ஜூன் 2 அன்று, சூனியக் குற்றம் சாட்டப்பட்ட பெண்கள் சிலரின் ஆடையைக் களைந்து, பெண்களின் குழு ஒன்று ஓர் ஆண் மருத்துவரோடு சேர்ந்து சோதித்தது. தேடியது ஒரு முலைக்காம்பை. சூனியக்காரிகள் தங்களுக்கு ஏவல் செய்யும் குட்டிப்பேய்களுக்குப் பால் கொடுப்பார்கள், அதற்காக உடம்பில் எங்காவது கூடுதலாக ஒரு காம்பு இருக்கும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. காலையில் பார்த்தவர்கள் மூன்று பெண்களிடம் இயற்கைக்கு மாறான சதை இருப்பதாக எழுதிவைத்தார்கள். அன்று மாலையே மறுபடி பார்த்தால் அது இல்லை. ரெபெக்கா நர்ஸ் என்பவரிடம் காய்ந்த தோல் மட்டும்தான் மிச்சம். ரெபெக்காவுக்கு அப்போது 71 வயது. எட்டுப் பிள்ளைகளைப் பெற்றவர். அனுபவமுள்ள வேறு பெண்களை வைத்து மறுபடி சோதியுங்கள், நீங்கள் பார்த்தது இயற்கையாக வரக்கூடியதுதான் என்று நீதிமன்றத்துக்கு மனுப்போட்டார். ஜூலை 19 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள்.

அந்த மனுவைப் பற்றி முதன்முதலாகப் படித்த அன்று நான் வெகுநேரம் அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை. பிள்ளை பெற்ற உடம்பில் மிஞ்சிய தழும்புகூட ஒரு பெண்ணுக்கு எதிராகச் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டிருக்கிறது.

சேலத்தில் தூக்கிலிடப்பட்டவர்கள் 19 பேர். 14 பெண்கள், 5 ஆண்கள். ஜைல்ஸ் கோரி என்ற முதியவரை நெஞ்சில் கல்லேற்றி நசுக்கிக் கொன்றார்கள். படங்களில் பார்த்துப் பழகியதால் பலரும் நினைப்பதுபோல அங்கே யாரையும் எரிக்கவில்லை. படத்தின் முன்கதை நடப்பதாகச் சொல்லப்படும் 1693 அக்டோபரில், வழக்குகளே முடிந்து சிறையிலிருந்தவர்கள் வெளியே வந்துவிட்டிருந்தார்கள். இதைப் படத்தின் குறையாகச் சொல்லவில்லை. நிஜத்தில் குற்றமே செய்யாதவர்கள் தூக்கில் தொங்கினார்கள். படத்திலோ தூக்கில் தொங்குபவர்கள் உண்மையிலேயே குழந்தைகளைக் கொல்பவர்கள். இடம் ஒன்று, நியாயம் தலைகீழ். பார்க்கும்போது இந்த வேறுபாடு நினைவில் இருப்பது நல்லது.

தாலாட்டுப் பாடும் சூனியக்காரி

படத்தின் ஆரம்பத்தில் எமிலி என்ற சிறுமி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். சூனியக்காரிகள் கஷாயம் போன்ற ஒன்றைப் புகட்டுகிறார்கள். அவள் உடம்பைச் சுற்றி ஒளி படர்கிறது. மூவரும் குனிந்து அந்த ஒளியை மூச்சாக இழுத்துக்கொள்கிறார்கள். குழந்தை சாய்கிறது, அவர்கள் இளமையாகிறார்கள்.

இது எதன் தலைகீழ் என்று பாருங்கள். தாய் குழந்தைக்கு ஊட்டுவாள், தன் உடம்பிலிருந்து கொடுப்பாள். சூனியக்காரி புகட்டுவது எடுத்துக்கொள்வதற்காக. தாய் தாலாட்டுப் பாடித் தூங்கவைப்பாள். சேரா இரவு வானத்தில் பறந்தபடி பாடுகிறாள். ஊர்க் குழந்தைகள் தூக்கத்திலேயே எழுந்து தெருவில் இறங்கி நடக்கிறார்கள். தாய்க்குத் தன் குழந்தையின் வாசனை தெரியும். மேரிக்கு எல்லாக் குழந்தைகளின் வாசனையும் தெரியும், மோப்பம் பிடித்தே வழிகாட்டுகிறாள். இதையெல்லாம் வினிஃப்ரெட் ஒரே வசனத்தில் போட்டு உடைத்துவிடுகிறாள். அவள் சொல்வது இது: எனக்கு எப்போதுமே ஒரு குழந்தை வேண்டும் என்று ஆசை, இப்போது ஒன்றை ரொட்டியில் வைத்துச் சாப்பிடப்போகிறேன்.

வசனத்தின் முதல் பாதியைக் கவனியுங்கள். ஒரு விநாடிக்கு அது பிள்ளையில்லாத எந்தப் பெண்ணும் சொல்லக்கூடிய வார்த்தை. ஊர் அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விக்கான பதில். அடுத்த பாதி வந்ததும் அந்த ஏக்கம் பசியாக மாறிவிடுகிறது. இந்த உருவத்தை 'தலைகீழ்த் தாய்' என்று வைத்துக்கொள்ளலாம்: தாயிடம் ஊர் எதிர்பார்க்கும் ஒவ்வொன்றையும் எதிர்த்திசையில் செய்யும் பெண். கூடுதல் காம்பைத் தேடிய சேலத்துக் குழு தேடியதும் இவளைத்தான். பிள்ளைக்குப் போகவேண்டிய பால் பேய்க்குப் போகிறது என்ற பயம்.

இங்கே ஒரு பேருந்துக் காட்சி. எங்களுக்குக் குழந்தைகள் வேண்டும் என்று சகோதரிகள் ஓட்டுநரிடம் வெகுளியாகச் சொல்கிறார்கள். அவர் வேறு மாதிரி புரிந்துகொண்டு, அதற்கு ஒன்றிரண்டு முறை முயற்சி செய்யவேண்டியிருக்குமே என்கிறார். குழந்தைகளுக்கு இது புரியாது, பெரியவர்களுக்குப் புரியும். ஒரு பெண் 'குழந்தை வேண்டும்' என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்கமுடியும் என்ற எதிர்பார்ப்பில்தான் அந்த நகைச்சுவையே நிற்கிறது.

இதுவரைக்கும்: மந்திரம் ஊர் நம்பிக்கையைச் சட்டமாக்குகிறது. தாய்மை என்ற விதியைத் திருப்பிப்போட்டால் கிடைக்கும் உருவம் சூனியக்காரி.

ஒரு குடத்திலிருந்து இன்னொரு குடத்துக்கு

இந்தப் படத்து மந்திரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. புதிதாக எதையும் உண்டாக்காது. ஒரு குடத்திலிருந்து மொண்டு இன்னொரு குடத்தை நிரப்புகிற மாதிரி, ஓர் உடலில் இருப்பதை எடுத்து இன்னோர் உடலுக்குக் கொடுக்கும். மந்திரப் புத்தகத்தின் அட்டை மனிதத் தோல். மெழுகுவத்தி மனிதக் கொழுப்பு. எல்லாமே உடம்பிலிருந்து எடுத்த சரக்கு. எடுத்த உயிரை வைத்து அவர்கள் வாங்குவது என்ன? உலகை ஆளும் அதிகாரமா, பொன்னா, பொருளா? இளமை. எமிலியின் உயிரை உறிஞ்சியதும் சேரா துள்ளிக்குதித்துச் சொல்வது, தான் அழகாகிவிட்டதாகவும் இனி பையன்களுக்குத் தன்னைப் பிடிக்கும் என்றும்தான்.

இவ்வளவு பெரிய சக்தி கையில் இருந்தும் ஆசைப்படுவது சுருக்கமில்லாத தோலுக்கு. சுருக்கத்தைப் போக்கும் கிரீம் விளம்பரங்களைப் பார்த்தே வளர்ந்த யாருக்கும் அந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று விளக்கத் தேவையில்லை. வயதாவது எல்லோருக்கும் நடப்பது. பெண்ணுக்கு மட்டும் அது இழப்புக் கணக்கில் எழுதப்படுகிறது.

மூன்று சகோதரிகளையும் தனித்தனியாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மூத்தவள் வினிஃப்ரெட், அதட்டி வேலை வாங்குகிறவள், எடுப்பான பல், இதய வடிவில் தீட்டிய சின்ன உதடு. மேரி, எப்போதும் பசி. சேரா, எந்த ஆணைப் பார்த்தாலும் கூடவே போய்விடுகிறவள். அடங்காதவள், தின்னி, அலைகிறவள்: பெண்களை நோக்கி ஊர் காலங்காலமாக வீசிய மூன்று பழிகள், மூன்று உடம்பாக நடந்து வருகின்றன. 1480-களில் ஹைன்ரிஹ் கிராமர் என்ற ஜெர்மானியத் துறவி சூனிய விசாரணைக்காக எழுதிய கையேட்டில், சூனியம் முழுவதுமே பெண்களின் அடங்காத காமத்திலிருந்து பிறக்கிறது என்று எழுதினார். சேராவின் பாத்திரம் அந்த வரியின் கொள்ளுப் பேத்தி. ஐரோப்பாவில் 15-ஆம் நூற்றாண்டிலிருந்து 18-ஆம் நூற்றாண்டுவரை சூனியத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 பேர் என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள்; ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் பெண்கள். ஆனால் ஐஸ்லாந்தில் கொல்லப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆண்கள். சூனியத்துக்கு எந்த உடம்பு பொருத்தம் என்பதை அந்தந்த ஊர்தான் முடிவுசெய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

துடைப்பத்தையும் விட்டுவிடக்கூடாது. வீட்டைப் பெருக்கப் பெண் கையில் கொடுத்த சாமான், அவளை வீட்டைவிட்டுப் பறக்கவைக்கிறது. படத்தில் துடைப்பங்கள் திருட்டுப் போனதும் சேரா தரை துடைக்கும் மாப்பிலும் மேரி வாக்குவம் கிளீனரிலும் ஏறிப் பறக்கிறார்கள். 1693-இன் வீட்டு வேலைச் சாமான் 1993-இல் மின்சாரச் சாமானாகிவிட்டது. அதுவும் பெண் கையில்தான் இருக்கிறது.

வேடமா, நிஜமா?

தெருக்கூத்தில் பெண்வேடம் கட்டுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். நடையில் ஒரு நெளிவு, முந்தானையை இழுத்துச் சொருகும் ஒரு பாவனை, பார்வையில் ஒரு வெட்கம். வீட்டில் இருக்கும் அவர் மனைவிகூட அவ்வளவு 'பெண்ணாக' நடந்திருக்கமாட்டார். அதைப் பார்க்கும்போது ஒன்று தோன்றும்: பெண் என்று நாம் அடையாளம் காண்பதில் பாதிக்குமேல் பாவனைதானோ? ஜூடித் பட்லர் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1990-இல் விரிவாக எழுதியது இதைப் பற்றித்தான். பாலினம் உள்ளே இருக்கும் ஒரு பொருள் இல்லை; தினமும் திரும்பத் திரும்பச் செய்வதால் உண்டாவது. இதற்கு 'நிகழ்த்துகை' என்று பெயர். வேண்டும்போது போட்டு வேண்டாதபோது கழற்றும் நாடக உடை என்று இதைப் புரிந்துகொள்வது பரவலான தவறு. தாய்மொழி மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். நாம் கண்டுபிடித்ததில்லை, தேர்ந்தெடுத்ததும் இல்லை; ஆனால் பேசிப் பேசித்தான் அது உயிரோடு இருக்கிறது.

படத்தில் நகர மண்டப ஹாலோவீன் விருந்து இந்தக் கருத்துக்கென்றே எடுத்த மாதிரி இருக்கும். மண்டபத்தில் எல்லோரும் வேடத்தில். மாக்ஸின் அம்மா கூம்பு மார்க்கச்சு அணிந்த பாப் பாடகி மடோனா, அப்பா டிராகுலா. மாக்ஸ் மேடையேறி மைக்கைப் பிடித்து, சூனியக்காரிகள் உயிரோடு வந்துவிட்டார்கள், இதோ இங்கேயே நிற்கிறார்கள் என்று கத்துகிறான். விளக்கு வினிஃப்ரெட்மேல் திரும்புகிறது. அவள் அசராமல், அருமையான அறிமுகத்துக்கு நன்றி என்று சொல்லிவிட்டு மேடையேறிப் பாட ஆரம்பிக்கிறாள். கூட்டம் கைதட்டுகிறது. பாட்டிலேயே மந்திரம், சாகும்வரை ஆடிக்கொண்டே இருங்கள் என்று கட்டுப்போடுகிறாள். நிஜச் சூனியக்காரி 'சூனியக்காரி வேடம்' போட்டவளாகத் தெரிந்ததால்தான் அவளால் அதைச் செய்யமுடிகிறது. அதே மண்டபத்தில், எல்லார் வீட்டு அம்மாவையும்போல இருக்கும் ஓர் அம்மா கூம்பு மார்க்கச்சில் 'கவர்ச்சியான பெண்' என்ற வேடத்தைப் போட்டுக்கொண்டு ஆடுகிறார். வேடத்துக்கும் நிஜத்துக்கும் நடுவே கோடு எங்கே போடுவது?

வினிஃப்ரெட்டாக வந்த பெட் மிட்லரின் நடிப்புக்கு 'கேம்ப்' என்று ஒரு பெயர் உண்டு. வேண்டுமென்றே மிகைப்படுத்தி, மிகையையே அழகாக்குவது கேம்ப். பெண்ணுடை அணிந்து பெண்மையை மிகைப்படுத்தி மேடையேறும் கலைக்கு 'டிராக்' என்று பெயர். கேம்ப் அங்கேதான் மூச்சு விடுகிறது. வினிஃப்ரெட்டின் விரல் அசைவு, உதடு, சிவந்த கொண்டை, இழுத்துப் பேசும் பேச்சு எல்லாம் டிராக் கலைஞர்கள் தூக்கிக்கொண்டுபோவதற்கென்றே செய்தவைபோல இருக்கும். அப்படித்தான் நடந்தது. 2022-இல் வந்த இரண்டாம் பாகத்தில் மூன்று டிராக் கலைஞர்கள் அந்த மூன்று சகோதரிகளாகவே வேடமிட்டு வருகிறார்கள். அழகு விதியில் தோற்ற பெண்ணாக எழுதப்பட்ட பாத்திரம், விதிக்குள் அடங்காத பலருக்கும் கொண்டாட்டமாகிவிட்டது. படம் பெண்களுக்கு எதிரானது என்று ஒரே வரியில் முடிக்கமுடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இதுவரைக்கும்: பாலினம் திரும்பத் திரும்பச் செய்வதால் உண்டாகிறது. அதை மிகைப்படுத்திக் காட்டினால், அது செய்யப்படுவதுதான் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

அண்ணன்கள்

பாலினம் என்றால் பெண்களைப் பற்றிய பேச்சு என்ற நினைப்பும் உண்டு. மாக்ஸின் கதை முழுக்க ஆண்மையைப் பற்றியது. பள்ளிக்கூடத்து முரடர்கள் அவன் காலணியைப் பிடுங்கிக்கொள்கிறார்கள்; வெறுங்காலோடு வீட்டுக்கு வருகிறான். தங்கை டேனி, அண்ணனுக்கு உன் மார்பு ரொம்பப் பிடிக்கும் என்று அவன் விரும்பும் அலிசனிடமே போட்டுக்கொடுத்து மானத்தை வாங்குகிறாள். எட்டு வயதுப் பெண் இன்னொரு பெண்ணின் உடம்பைப் பற்றி இப்படிப் பேசுவதை 1993-இல் சிரித்துக்கொண்டே கடந்தார்கள். இன்று என்னால் அவ்வளவு எளிதாகக் கடக்கமுடிவதில்லை. மெழுகுவத்தியை ஏற்றியதுகூட 'நான் பயந்தவன் இல்லை' என்று காட்டத்தான்.

கடைசியில் டேனியை வினிஃப்ரெட் பிடித்துவிடுகிறாள். மாக்ஸ் மந்திரக் கஷாயத்தைத் தானே எடுத்துக் குடித்துவிடுகிறான். இனி உறிஞ்சுவதென்றால் என்னை உறிஞ்சு என்கிறான். 1693-இல் எமிலியைக் காப்பாற்ற ஓடிவந்து தோற்று, கறுப்புப் பூனையாகச் சபிக்கப்பட்டு முந்நூறு ஆண்டுகள் அந்த வீட்டைக் காவல் காத்த தாக்கரியும் ஓர் அண்ணன்தான். ஆண் உடம்பின் மதிப்பு படுக்கையில் இல்லை, தங்கைக்காகத் தன்னைக் கொடுப்பதில் இருக்கிறது என்று படம் கணக்கை மாற்றி எழுதுகிறது. அந்த இடத்தில் எனக்கு இன்றும் கண் கலங்கும். அதே சமயம் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. உப்பைக் கையில் வைத்துக்கொண்டு சூனியக்காரிகளைத் தடுத்தவள் அலிசன். அந்த வீட்டின் கதை தெரிந்தவளும் அவளே. ஆனாலும் தியாகம் என்ற உச்சக்கட்டம் பையனுக்குத்தான் ஒதுக்கப்படுகிறது.

பில்லி என்ற பிணத்தையும் மறக்கக்கூடாது. சேராவோடு பழகியதற்காக வினிஃப்ரெட் விஷம் கொடுத்துக் கொன்று, வாயையும் தைத்துவிட்ட பழைய காதலன். தலை கழன்று விழுகிறது, விரல்கள் நசுங்கித் துண்டாகின்றன. பெண்ணின் அதிகாரம் எல்லை மீறினால் ஆண் உடம்புக்கு என்ன ஆகும் என்ற பயத்தின் உருவம் அவன்.

புத்தகத்தைக் கொடுத்தது யார்?

முதல் படத்தில் மந்திரப் புத்தகத்தை வினிஃப்ரெட்டுக்குக் கொடுத்தவன் சாத்தான். இவ்வளவு வல்லமையுள்ள மூன்று பெண்களும், சாத்தான் வேடமிட்ட ஒரு சாதாரண ஆளைத் தெருவில் பார்த்ததும் எஜமானே என்று உருகிப்போகிறார்கள். அவர் வீட்டுக்குள்போய் ஆடிப்பாடுகிறார்கள். தலையில் ரோலர் சுற்றிய அவர் மனைவிதான் வந்து துரத்துகிறார். பெண்ணின் சக்தி அவளுடையதில்லை, ஓர் ஆணிடம் கடன் வாங்கியது என்பது கிராமர் காலத்து நம்பிக்கை; முதல் படம் அதை அப்படியே வைத்துக்கொண்டது.

1993 ஜூலையில் வெளியானபோது படம் பெரிதாக ஓடவில்லை. அக்டோபர்தோறும் தொலைக்காட்சியில் ஓடி ஓடித்தான் ஒரு தலைமுறையின் பண்டிகை வழக்கமாகிப்போனது. பழைய நினைவு என்பது இங்கே ஒரு காரியம் செய்கிறது. அர்த்தம் புரிகிற வயதுக்கு முன்பே காட்சிகள் மனப்பாடமாகிவிடுகின்றன; அவற்றின் விதிகளும் உலகத்தின் விதிகள்போலவே உள்ளே இறங்கிவிடுகின்றன. விர்ஜின் என்றால் என்னவென்று தெரியாமலே, அது கேலிக்குரிய ஒன்று என்று மட்டும் தெரிந்துகொண்ட குழந்தைகளில் நானும் ஒருத்தி.

இரண்டாம் பாகம் 2022 செப்டம்பர் 30 அன்று வந்தது. அதன் முன்கதை 1653-இல் நடக்கிறது. வினிஃப்ரெட்டுக்குப் பதினாறு வயது. ஊர்ப் பாதிரியார் ஒருவனைக் காட்டி இவனைக் கட்டிக்கொள் என்கிறார். மாட்டேன் என்கிறாள். ஊரைவிட்டு விரட்டுகிறார்கள். தங்கைகளோடு காட்டுக்குள் ஓடுகிறாள். அங்கே மூத்த சூனியக்காரி ஒருத்தி, பிறந்தநாள் பரிசாக அந்தப் புத்தகத்தை அவள் கையில் கொடுக்கிறாள். சாத்தான் இருந்த இடத்தில் ஒரு பெண். புத்தகம் அதேதான், மனிதத் தோலும் அதேதான். கொடுத்த கை மாறியதும், அவளைச் சூனியக்காரியாக்கிய காரணமும் மாறிவிட்டது: முதல் படத்தில் கெட்ட எண்ணம், இரண்டாவதில் 'மாட்டேன்' என்ற ஒரு சொல்.

அந்தப் படம் வருவதற்கு இரண்டு மாதங்களுக்குமுன், மாசசூசெட்ஸில் இன்னொன்று நடந்தது. 1693-இல் சூனியக்காரி என்று தீர்ப்பளிக்கப்பட்டு, தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, ஆளுநர் தண்டனையை நிறுத்தியதால் உயிர் தப்பியவர் எலிசபெத் ஜான்சன் என்ற 22 வயதுப் பெண். தண்டிக்கப்பட்ட மற்றவர்களின் பெயர்களை 1711-இலிருந்து பல கட்டங்களாகக் குற்றத்திலிருந்து நீக்கினார்கள். மகன்களும் பேரன்களும் அவர்கள் வழிவந்தவர்களும் மனுப்போட்டார்கள். எலிசபெத்தின் பெயர் மட்டும் விடுபட்டுப்போனது. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளைகள் இல்லை. அவருக்காக மனுப்போட வாரிசு யாரும் இல்லை. கடைசியில் வடக்கு ஆண்டோவர் பள்ளியொன்றின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அவர் வழக்கைக் கையில் எடுத்தார்கள். தீர்ப்பு எழுதி 329 ஆண்டுகள் கழித்து, 2022 ஜூலையில், எலிசபெத் ஜான்சன் சூனியக்காரி இல்லை என்று மாநிலம் சட்டப்படி ஒப்புக்கொண்டது.